மேடத்துக்கு ஒரு துண்டு

அக்கா வீட்டில் முழுசான துண்டு என்று ஒன்று இருந்ததே இல்லை. குளித்துவிட்டுத் தலை துவட்டக் கொடியில் கை வைத்தால், ஓரம் நைந்ததோ நடுவில் விரல் நுழையும்படி ஓட்டை விழுந்ததோதான் கையில் வரும். நல்ல துண்டு வாங்கினால் அக்கா அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைப்பாள். அத்தான் அதையும் கண்டுபிடித்துவிடுவார்.

"இந்த வீட்ல மோப்ப நாய் யாருன்னு எனக்குச் சந்தேகமாவே இருக்கு," என்பாள் அக்கா.

"மேடத்துக்குப் பழசு அலுத்துப்போச்சும்மா. ஒரே ஒரு துண்டு."

"எடுத்துட்டுப் போங்க. நாங்க செய்தித்தாளால துடைச்சுக்கறோம்."

அத்தான் போய்ச்சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போது அக்கா வீட்டுக் கொடியில் தொங்குகிற துண்டுகள் எல்லாம் முழுசாக இருக்கின்றன. போகும்போதெல்லாம் அவற்றைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

அத்தான் துறைமுகத்தில் சுங்கத் துறையின் மோப்ப நாயை நடத்தியவர். மேடம் என்பது அந்த நாய். துறை அவளுக்கு ஓர் எண்தான் கொடுத்திருந்தது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய அன்று, கூண்டைத் திறந்ததும் அவள் குதித்து ஓடவில்லையாம். மெதுவாக வெளியே வந்து, சரக்குப் பெட்டிகள் அடுக்கும் யார்டு முழுவதையும் ஒருமுறை பார்வையிட்டாளாம், சோதனைக்கு வந்த அதிகாரியைப்போல. சுமை இறக்குகிறவர்களில் ஒருவர் "வாங்க மேடம்" என்று சொல்லிவைக்க, அதுவே நிலைத்துவிட்டது. "மேடம் சாப்பிட்டாச்சா?", "மேடத்துக்கு இன்னிக்கு மூடு சரியில்ல" என்று யார்டு முழுக்கப் பேச்சு.

அக்காவுக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என்னை ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டிருப்பீங்களா?"

"நீ ஒரு நாளாவது சொன்ன இடத்துல உட்கார்ந்திருக்கியா?"

அதற்கப்புறம் சமையலறையில் பாத்திரங்கள் கொஞ்ச நேரம் உரக்கப் பேசும்.

எனக்குத் துறைமுகத்தில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் வேலை கிடைத்து, அக்கா வீட்டோடு தங்கியிருந்த வருடங்கள் அவை. குவார்ட்டர்ஸ் வீடு. இரண்டு அறை, பின்னால் சுவர் சூழ்ந்த ஒரு துண்டு சிமெண்டுத் தரை. உப்புக் காற்றில் ஜன்னல் கொக்கிகள் துருப்பிடித்து, மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. பெரிய கப்பல் உள்ளே வரும்போது கண்ணாடிகள் மெல்ல அதிரும். அந்த அதிர்வு வந்தால் அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். காவலாளி வேலைக்குத்தான் அவர் முதலில் அங்கே சேர்ந்தது. நாய்ப் பிரிவு தொடங்க ஆள் கேட்டபோது, கடித்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டா என்று கேட்டவர்களே அதிகம். இவர் ஒன்றும் கேட்காமல் போய் நின்றார். சின்ன வயதில் நாயைக் கண்டால் தெருவையே மாற்றிக்கொண்டு போனவர் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு அக்கா கண்டுபிடித்தாள். அதை வைத்தே பல வருடம் வண்டி ஓட்டினாள்.

மேடத்துக்காக அவர் வாசனைச் சோப்பை விட்டார். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டார். புகைப்பதை விட்டார். அக்கா எத்தனையோ சொல்லி விடாத பழக்கம் அது.

அந்த வேலையை அவர் எனக்கு விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது. "அவளுக்குப் போதைப் பவுடரும் தெரியாது, சட்டமும் தெரியாது மாப்ளே. அந்த வாசனை வந்தா துண்டு வரும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். துண்டைத்தான் தேடறா." நான் அத்தானுக்கு மச்சினன். ஆனாலும் அவர் என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவார்.

கண்டெய்னர்களின் வரிசையோரம் அவளை நடத்திப் போவார். வாசனை பட்டால் குரைக்கமாட்டாள், பிராண்டமாட்டாள். அந்தப் பெட்டிக்கு நேராக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிடுவாள். அது சரியாக இருந்தால், அத்தான் இடுப்பில் சுருட்டிச் செருகியிருக்கும் துண்டை எறிவார். அவள் ஒரு முனை, இவர் ஒரு முனை. இரண்டு பேரும் உறுமிக்கொண்டு இழுப்பார்கள். அவள் வாங்குகிற சம்பளம் அந்த இழுபறி மட்டும்தான்.

ஆனால் எங்கள் யார்டில் ஒரு விதி இருந்தது. மற்ற ஊர்களில் நாய் உட்கார்ந்ததும் துண்டைக் கொடுத்துவிடுவார்களாம். இங்கே அப்படி இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மேலதிகாரி கையைத் தூக்க வேண்டும். கை உயர்ந்தால் துண்டு. உயராவிட்டால், திட்டாமல், தட்டிக்கொடுக்காமல், பேசாமல் அடுத்த பெட்டிக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். விதி எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். தப்புக்குச் சம்பளம் கொடுத்தால் நாய் கெட்டுப்போகும். ஆனால் அந்த விதியில் ஓர் ஓட்டை இருந்தது. தெரிந்துகொள்வது அவள் மூக்கில் இருந்தது. அது சரிதான் என்று சொல்வது இன்னொருவர் கையில் இருந்தது. இதைப் பற்றிப் பிற்காலத்தில் நிறைய யோசித்திருக்கிறேன். நம்மில் பலருக்கும் ஏற்பாடு இதுதான் என்று தோன்றுகிறது.

கையைத் தூக்க வேண்டியவர் யார்டு கண்காணிப்பாளர். அவர் போன பிறகும் அவர் வாசனை போகாது, அப்படி சென்ட் பூசுவார். அதனால் அவருக்குப் பேர் சென்ட் ஐயா. அவர் பக்கத்தில் வந்தால் மேடம் தும்முவாள். "உன் நாய்க்கு மரியாதை தெரியல," என்பார். "ஜலதோஷம் ஐயா," என்பார் அத்தான். சிரித்த முகம், மெல்லிய பேச்சு. ஊழியர்களின் குழந்தைகள் என்ன படிக்கிறார்கள் என்று நினைவு வைத்துக் கேட்பார். அவர் மேல் எனக்கு அப்போது மதிப்புக்கூட இருந்தது.

ஒரு கோடைக்காலத்தில் தரை ஓடுகள் ஏற்றிய கண்டெய்னர்கள் வர ஆரம்பித்தன. ஒரே கம்பெனியின் சரக்கு. ஒரு நாட்டில் ஏற்றி, இங்கே சில நாள் இறக்கிவைத்து, வேறு கப்பலில் மூன்றாவது நாட்டுக்குப் போகும். அந்தப் பெட்டிகளில் ஒன்றின் முன்னால் மேடம் உட்கார்ந்தாள். சென்ட் ஐயா அதைத் தன் தனிக் கொட்டகைக்குள் நகர்த்தச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். வெளியே வந்தார். கை உயரவில்லை.

அடுத்த கப்பலிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும்.

அத்தான் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா, "மூக்குக்கு என்னமோ ஆயிருக்கும், டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றாள்.

"யார் மூக்கை?"

"ரெண்டு பேர் மூக்கையும்."

அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "பயிற்சிக்கு ஒளிச்சு வெச்சா ஒண்ணு விடாம எடுக்கறா மாப்ளே. வேற சரக்குல உட்கார்ந்தா அதுவும் சரியா இருக்கு. தரை ஓட்டுப் பெட்டின்னா மட்டும் மூக்கு கெட்டுப்போகுமா?"

எனக்கும் பதில் தெரிந்திருந்தது. அது வாய்க்கு வரக்கூடாத பதிலாக இருந்தது.

இதெல்லாம் மேடத்தைத் தின்ன ஆரம்பித்தது. உட்கார்ந்தும் துண்டு வராத நாய்க்குத் தன் மூக்கு மேலேயே நம்பிக்கை போய்விடுகிறது. தரை ஓட்டுப் பெட்டி பக்கம் வந்தால் நிற்பாள். பின்பாதியை மட்டும் தாழ்த்துவாள். தரையைத் தொடுவதற்கு முன் அத்தான் முகத்தைப் பார்ப்பாள். உட்காரவா வேண்டாமா என்று கேட்கிற மாதிரி. ஒரு மத்தியானம் எடைமேடையிலிருந்து நானே அதைப் பார்த்தேன். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அத்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் செய்தித்தாளில் ஓர் ஓரத்தில் அந்தச் செய்தி வந்தது. தூர தேசத்துத் துறைமுகம் ஒன்றில் தரை ஓடுகளுக்கு நடுவே போதைப்பொருள் பிடிபட்டதாம். வழியில் சரக்கு எங்கெல்லாம் இறங்கியது என்று விசாரிக்கிறார்களாம். எங்கள் துறைமுகத்தின் பேரும் அதில் இருந்தது. எங்களை விட்டுக் கிளம்பிய பிறகுதான் யாரோ உள்ளே வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் தரப்பில் பதில் போனது. அப்படியும் நடந்திருக்கலாம். நான் இன்றைக்கும் அதற்கு மேல் சத்தியம் செய்யமாட்டேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா சோதனைக்கு வருவதாக உத்தரவு வந்தது. அதற்கு முதல் நாள் சென்ட் ஐயா அத்தானைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். உட்காரவைத்ததே அத்தானுக்குப் பிடிக்கவில்லை.

"நாய்க்கு வயசாச்சு. பாவம், அதைப் போட்டு ஏன் கஷ்டப்படுத்தணும்? நாளைக்கு அந்தம்மா முன்னால வழக்கம்போல நடத்து. நான் கை தூக்கினா துண்டு, இல்லன்னா இல்ல. நாய்க்கு மூக்கு போச்சுன்னு அவங்களே முடிவு பண்ணிடுவாங்க. ஓய்வு கொடுத்து உங்கிட்டயே கொடுத்துடச் சொல்றேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

அத்தான் வெகுநாளாக ஆசைப்பட்டது அது. மேடம் ஓய்வு பெற்றதும் வீட்டுக்குக் கொண்டுவருவது என்பது அவரும் அக்காவும் பேசிப் பேசி வைத்திருந்த விஷயம். குழந்தை இல்லாத வீடு. அதை யாரும் சொல்லிக்காட்டியதில்லை. நாய் வந்தால் முடி கொட்டும், நாற்றம் வரும், ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்று தினம் சொல்லிக்கொண்டிருந்த அக்கா, பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் ஏற்கனவே அப்புறப்படுத்தி, வெயில் படாமல் ஒரு தகரமும் போட்டிருந்தாள்.

அத்தான் வந்து சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு, "அப்போ மூக்கு போச்சுன்னு எழுதிடுவாங்களா?" என்று கேட்டாள்.

"எழுதுவாங்க."

"போச்சா?"

"போகல."

அக்கா பின்பக்கம் போய்த் தகரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை யார்டு கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. வந்த அம்மா மூக்குக்கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. அவரை எல்லோரும் மேடம் என்று கூப்பிட வேண்டியிருந்ததால், அன்றைக்கு மட்டும் நாயை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று கட்டளை. சுமை இறக்குகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு திண்டாடினார்கள். அன்று காலை இறங்கிய சரக்கு வரிசையிலேயே நடத்துங்கள் என்று அந்த அம்மா சொன்னார். அந்த வரிசையில் தரை ஓட்டுப் பெட்டிகளும் இருந்தன. சென்ட் ஐயா பதறியதாகத் தெரியவில்லை. கை அவருடையதுதானே.

எடைமேடையில் லாரி எதுவும் இல்லை. நான் இறங்கிக் கம்பிக்கருகில் போய் நின்றேன்.

அத்தான் வாரைத் தளரவிட்டு நடந்தார். மேடம் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் முகர்ந்துகொண்டே போனாள். தரை ஓட்டுப் பெட்டி ஒன்றைத் தாண்டினாள். திரும்பி வந்தாள். நின்றாள். பின்பாதி தாழ்ந்தது. தரை தொடவில்லை. அத்தான் முகத்தைப் பார்த்தாள்.

வாரை லேசாக இழுத்திருந்தால் போதும். அவள் எழுந்து நடந்திருப்பாள். வீட்டுக்கு வந்திருப்பாள்.

அத்தான் அன்று வானத்தைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மெல்ல உட்கார்ந்தாள். முதுகு நிமிர்ந்தது. சென்ட் ஐயாவின் கை பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியை இன்னும் யாரும் தொடக்கூட இல்லை. அத்தான் இடுப்பிலிருந்து துண்டை உருவி எறிந்தார்.

மேடம் பாய்ந்து கவ்விய வேகத்தில் அவரே தடுமாறினார். அத்தனை நாள் பட்டினியும் அந்த இழுப்பில் இருந்தது. அதிகாரிகள் நடுவே, வெயிலில், ஐம்பது வயது மனிதர் ஒருவர் நாயோடு துண்டை இழுத்துக்கொண்டு உறுமினார்.

"பெட்டியைத் திறக்கலையே, அதுக்குள்ள ஏன் கொடுத்தீங்க?" என்றார் அந்த அம்மா.

"சரியாச் சொல்லிட்டா மேடம். திறந்து பாருங்க."

சென்ட் ஐயா சிரித்துக்கொண்டே முன்னே வந்தார். "கை தவறியிருக்கும். இல்லையாய்யா? கை தவறிடுச்சுன்னு சொல்லு. நாயைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ."

"கை தவறல ஐயா."

அவ்வளவுதான் சொன்னார்.

பெட்டியைத் திறக்கக் கம்பெனியின் ஏஜெண்ட் கூட இருக்க வேண்டும், அதுதான் முறை என்றார் சென்ட் ஐயா. முன்பெல்லாம் ஏஜெண்ட் இல்லாமலே திறந்தீர்களே என்றார் அத்தான். அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் முறைதான் வென்றது. பெட்டியின் முத்திரையைச் சரிபார்த்துவிட்டு, நாளைக் காலை எல்லோர் முன்னாலும் திறக்கலாம் என்று முடிவானது.

காலையில் திறந்தார்கள். ஓடுகள். ஓடுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. மேடத்தை மறுபடியும் அந்தப் பெட்டியோரம் நடத்தினார்கள். அவள் முகர்ந்துவிட்டு நிற்காமல் போனாள்.

"பார்த்தீங்களா, நேத்து உட்கார்ந்துது, இன்னிக்கு உட்காரல. நாய்க்கே நிச்சயமில்ல," என்றார் சென்ட் ஐயா.

"நேத்து உட்கார்ந்தா, இன்னிக்கு உட்காரல. அப்போ நேத்து இருந்துது," என்றார் அத்தான்.

கண்ணால் பார்த்த ஒரே விஷயம். அதிலிருந்து இரண்டு பேர் இரண்டு முடிவுக்கு வந்தார்கள். எதை ஏற்பது என்பதைத் தீர்மானித்தது பெட்டிக்குள் இருந்ததோ இல்லாததோ அல்ல, பேசியவரின் பதவிதான். அந்த அம்மா தம் குறிப்பில் என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. நாய்க்கு மூக்கு போய்விட்டது என்று மட்டும் எழுதவில்லை. அது பின்னால் நடந்ததிலிருந்து தெரிந்தது.

மேடத்துக்கு ஓய்வு கிடைக்கவில்லை. நல்ல நாய் என்பதால் தொலைவில் இருந்த நில எல்லைச் சோதனைச் சாவடிக்கு மாற்றப்பட்டாள். அத்தான் அவளோடு போகக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவரைத் துறைமுக வாசலில் அனுமதிச் சீட்டு பார்க்கும் வேலையில் போட்டார்கள். சென்ட் ஐயா பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போனார். தரை ஓட்டுக் கம்பெனி துறைமுகத்தை மாற்றிக்கொண்டது. விசாரணை என்று ஒன்று நடந்ததாகவும் எதுவும் நிரூபணமாகவில்லை என்றும் கேள்விப்பட்டோம். சந்தேகம் சந்தேகமாகவே தங்கிவிட்டது, யார்டில் அவருடைய வாசனையைப்போல.

மேடத்தை வண்டியில் ஏற்றிவிட்டு அத்தான் வீட்டுக்கு வந்தார். அக்காதான் சண்டை போட்டாள். "வாரை இழுத்திருந்தா இன்னிக்கு அவ நம்ம வீட்ல இருந்திருப்பா. தகரம் போட்டு வெச்சிருக்கேன். எதுக்கு? உங்க நேர்மையைக் கட்டிப் போடறதுக்கா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "வீட்டுக்கு வந்தும் அவ என் முகத்தைத்தான் பார்ப்பா."

அவரை வீரர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எறிந்த ஒரு துண்டால் எந்தச் சரக்கும் நிற்கவில்லை. அந்தச் சரக்கு எங்கோ ஒரு தெருவில் யாருக்கோ போய்ச் சேர்ந்துதான் இருக்கும். அவர் நினைத்ததும் தேசத்தை அல்ல. அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிது என்பதை இத்தனை வயதாகியும் என்னால் நிறுத்துச் சொல்ல முடியவில்லை. எடைமேடைக்காரன் இப்படிச் சொல்வது வேடிக்கைதான்.

சில வருடம் கழித்து எல்லைச் சாவடிக்குப் போனோம். அக்காதான் கிளப்பினாள். "நாய் எனக்கா வேணும்? இவர் தூக்கத்துல துண்டு துண்டுங்கறார்," என்று என்னிடம் புலம்பியபடி பையில் ரொட்டியும் தண்ணீரும் வைத்தாள். நாள் முழுக்கப் பஸ். அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார்.

சாவடியில் மேடத்தை நடத்துகிறவர் பெரிய மீசைக்காரர். நாங்கள் யார் என்று சொல்வதற்குள், பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களின் வரிசையோரம் அவளை நடத்திக்கொண்டு வந்தார். மேடத்தின் மூஞ்சி நரைத்திருந்தது. நடையில் மட்டும் பழைய அதிகாரம். அத்தானுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். செருப்பை முகர்ந்தாள். முழங்காலை, பிறகு தொங்கிய கையை. முன்னும் பின்னும் போய் வந்தாள். அப்புறம் அவருக்கு நேராக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். யார் முகத்தையும் பார்த்துத் தயங்கவில்லை.

மீசைக்காரரின் குரல் மாறியது. "ஐயா, பையைக் கீழ வைங்க. தப்பா எடுத்துக்காதீங்க. இவ பொய் சொல்லமாட்டா."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ரொட்டி, தண்ணீர், சீப்பு. அடியில் ஒரு புதுத் துண்டு, கடை மடிப்புக்கூடக் கலையாதது. வேறொன்றும் இல்லை. நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் மீசைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "இங்க வந்ததுலேருந்து முதல் தப்பு இன்னிக்குத்தான். அட, துண்டைக் கொடுங்க ஐயா, பாவம் காத்திருக்கா."

மேடம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அத்தானின் கை துண்டு வரைக்கும் போய் நின்றது.

"ஒண்ணும் இல்லாததுக்குக் கொடுக்கக் கூடாது," என்றார். "பழகிட்டான்னா வேலை கெட்டுப்போகும்."

அக்கா அவரைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள். "உங்க ஆபீஸ் சட்டத்தை நீங்க வெச்சுக்கங்க. நான் அந்த ஆபீஸ்ல வேலை பார்க்கல."

துண்டைச் சுருட்டக்கூட இல்லை. ஒரு முனையைப் பிடித்தபடி அப்படியே வீசினாள். மேடம் பாய்ந்து கவ்வினாள். கிழியும் சத்தம் கேட்டது. மறுமுனையை அக்கா விடவில்லை.